மணப்பெண்ணின் நுரையீரல்

செத்த போஸத்துக்கு அழகாக உடை உடுத்தும் போட்டி அந்த மேற்குக் கடற்கரைப் பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் நடப்பதுதான். பூனை அளவிருக்கும் இந்தக் காட்டு விலங்கு மாடுகளுக்குக் காசநோய் பரப்பும் என்று, கண்டதும் சுடுவார்கள். இந்த முறை ஆய்வாளன் ஃபெர்கஸ் நடுவர். போஸத்தைப் பிடித்தும் கொல்லாமல், ஊசி போட்டுக் காட்டிலேயே விடுகிறவன் நியூசிலாந்தில் அவன் ஒருத்தன்தான் என்று ஊருக்கே கேலி.

ஃபெர்கஸுக்கு மனசு அங்கே இல்லை. குளிர்காலம் முழுக்க நாற்பத்தொன்றாம் எண் போஸத்தைத் தேடியும் கிடைக்கவில்லை. காசநோய்த் தடுப்பூசி போட்டு, காதில் எண் தகடு மாட்டி அவன் விட்டது அது. அப்புறம் எடுத்த ரத்தத்தில், கிருமியைக் காட்டியதும் வெள்ளணுக்கள் சண்டைக்குப் பாய்ந்தன. அதே பொந்தில் படுத்த, ஊசி போடாத இன்னொன்று காசநோயில் செத்தும் போயிற்று. ரத்தம் காட்டிய வீரம் நுரையீரலைக் காப்பாற்றியதா? திங்கட்கிழமைக்குள் சொல்லாவிட்டால் ஆய்வை இழுத்து மூடிவிடுவார்கள்.

வெள்ளை கவுனும் உதட்டுச் சாயமுமாக வந்த மணப்பெண் போஸத்துக்கு முதல் பரிசு கொடுத்தான். உடுத்தியவள் பண்ணைக்காரர் மர்ரேயின் மனைவி கிளெனிஸ்.

"முக்காடு நழுவாம எப்படி நிக்குது?"

"காதுல ஏற்கெனவே ஒரு தகடு இருந்துச்சுப்பா. அதுலயே குத்திட்டேன்."

முக்காட்டை விலக்கினான். ஆரஞ்சுத் தகடு. நாற்பத்தொன்று.

"மர்ரே! ஆரஞ்சைச் சுடமாட்டேன்னு கைகுலுக்கினீங்களே!"

"டார்ச் அடிச்சா கண்ணுதான்யா தெரியும். கம்மலா தெரியும்?"

"எப்போ சுட்டீங்க?"

"விடியறதுக்கு முன்னால. ஃபிரிட்ஜ்லதான் இருந்துச்சு, பாவ்லோவா கேக்குக்குப் பக்கத்துல."

"இப்பவே அறுத்துப் பாக்கணும்."

"ஃபோட்டோ இன்னும் எடுக்கலை," என்றாள் கிளெனிஸ். "அறுத்தா நீயே தைச்சுக் குடுக்கணும்."

பள்ளிக்குப் பக்கத்தில், ஆட்டுக் கம்பளி கத்தரிக்கும் கொட்டகைக்குப் பின்னால், முகமூடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு அறுத்தான். தொத்திறைச்சி வாங்க நின்ற வரிசை அப்படியே நகர்ந்து வந்து, காற்று தங்கள் மேல் படாத பக்கமாக நின்றது. நுரையீரல் இளஞ்சிவப்பாக இருந்தது. மடல் மடலாகக் கீறிப் பார்த்தான். ஒரு கட்டிகூட இல்லை.

ஃபெர்கஸ் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"சுத்தமா இருக்கு."

"ஊசி வேலை செஞ்சிருக்கா?" என்றார் மர்ரே. காசநோய் என்று தன் மாட்டு மந்தை முழுவதையும் ஒரே நாளில் வெட்டுக்கு லாரி ஏற்றியவர் அவர். தொப்பியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கொஞ்சம் முன்னாலயே கண்டுபிடிச்சிருக்கக் கூடாதாய்யா?"

ஃபெர்கஸ் எழுந்தான். நுரையீரலை ஆய்வகப் பெட்டியில் வைத்து மூடினான். காலியான இடத்தில் ஆட்டுக் கம்பளியைத் திணித்தான்.

"கிளெனிஸ், ஒண்ணு சொல்லணும். இது ஆண்."

"அவன் கல்யாணம், அவன் இஷ்டம். நீ தை."

லேஸ் கோணாமல் தைத்தான்.