கால்மாட்டுக்காரி

“குதிகாலைப் பிடிச்சுக்கிட்டு முன்னால தள்ளுடி. போகும்,” என்றாள் விக்கா அத்தை.

தெலேசியா தள்ளிப் பார்த்தாள். அம்மாவின் வலது கால் அந்த வெள்ளை ஷூவுக்குள் பாதி நுழைந்து நின்றுவிட்டது. விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. கட்டைவிரல் ஓரத்து எலும்பு புடைத்துக்கொண்டு வெளியே நின்றது. உயிரோடு இருந்தபோதும் இந்தக் கால் இப்படித்தான் அடம்பிடிக்கும். அப்போது அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு தானே திணித்துக்கொள்வாள். இப்போது அதை மகள் செய்யவேண்டியிருந்தது.

முன்னறையில் இருந்த சோபா, டிவி எல்லாம் கார் ஷெட்டுக்குப் போய்விட்டன. தரை முழுக்கப் பாய். நடுவில் மரப்பட்டைத் துணிகளின் மேல், திறந்த பெட்டியில், வெள்ளை கவுனில் அம்மா. பெயர் சுலியெட்டி. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வாழ்நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். டோங்கா தீவுகளிலிருந்து வந்து மாங்கெரேயில் குடியேறியவர்களில் அவளைத் தெரியாதவர் கிடையாது. சுவரோரமாகச் சர்ச் பெண்கள் கறுப்புடையில், துக்கத்துக்கு அடையாளமாக இடுப்பில் பாய் சுற்றி, மெல்லிய குரலில் பாடிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் வெறுங்கால். செருப்புகள் வாசலில் குவிந்து கிடந்தன. வீட்டுக்குள் ஷூ போட்டே ஆகவேண்டும் என்ற தலையெழுத்து அந்த அறையில் செத்துப்போனவளுக்கு மட்டும்தான்.

விக்கா அத்தை பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவுடைய அப்பாவின் கடைசித் தங்கை. அம்மாவைவிடச் சில வயதுதான் மூத்தவள், ஆனாலும் அத்தை அத்தைதான். டோங்கா வழக்கப்படி சாவு வீட்டில் தலைமாடு அவளுக்குரியது. எந்தப் பாய் யாருக்கு, எந்தப் பன்றி எந்த உலைக்கு, எத்தனை மணிக்கு மூடி போடுவது, எல்லாம் அவள் வாயிலிருந்துதான் வரவேண்டும். பெட்டி கிளம்பும்வரை அவள் அந்த இடத்தை விட்டு எழவும் கூடாது. செத்தவள் பெற்ற பிள்ளைகள், அவள் தம்பி பிள்ளைகள் எல்லாம் தாழ்ந்த பக்கம். அவர்கள் இடுப்பில் சுற்றுவது கிழிசல் பாய், உட்காருவது கால்மாடு.

“பின்பக்கத்தைக் கத்தரியால வெட்டிடலாமே,” என்றாள் ஒரு சர்ச் பெண். “மேல துணி போட்டா யாருக்குத் தெரியப் போகுது?”

“வெட்டு,” என்றாள் அத்தை.

கத்தரியும் வந்தது. தெலேசியா அதை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அம்மாவின் காலிலிருந்து அந்த ஷூவை மெதுவாக உருவினாள். விரல்கள் மேல் சிவந்த கோடுகூட விழவில்லை. அதைப் பார்த்ததும்தான் அம்மா போய்விட்டாள் என்பது அவளுக்கு முதன்முறையாக உறைத்தது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எழுந்து உள்ளறைக்குப் போனாள்.

கட்டிலுக்கடியில் அம்மாவின் கறுப்பு ஷூ இருந்தது. அகலமானது, உருண்ட மூக்கு, மேலே ஒட்டுப்பட்டை. ஆம்பிளை ஷூ.

அதை வாங்கியது ஒரு பெரிய கதை. அம்மா வேலையை விட்டு நின்ற வாரம் தெலேசியாதான் அவளைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். சாயங்காலமாகப் போனார்கள். காலையில் வாங்கும் ஷூ மாலையில் வீங்கின காலைக் கடிக்கும் என்பதை அம்மாவுக்கு எந்தக் கடைக்காரரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் அதுவரை அவள் செய்துவந்த தப்பு வேறு. அகலம் வேண்டும் என்பதற்காக நீளத்தைக் கூட்டி வாங்குவாள். முனையில் பஞ்சை அடைத்துக்கொண்டு, டக் டக்கென்று குதிகால் அடிக்க சர்ச்சுக்குள் வருவாள். பாட்டுக்குழுவில் அவளுக்கு ‘படகு’ என்றே பேர். அவள் கால் இரண்டையும் கடலில் விட்டால் மீன் பிடித்து வரலாம் என்பார்கள். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஆராதனை முடிந்ததும் காருக்குள் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வாள்.

அன்றைக்குக் கடையில் ஒரு பெண் தரையில் காகிதம் விரித்து அம்மாவை எழுந்து நிற்கச் சொன்னாள். உட்கார்ந்தால் பாதம் சுருங்கிவிடும், முழு எடையும் இறங்கவேண்டும் என்றாள். இரண்டு காலையும் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டாள். பெண்கள் அலமாரியில் இருந்த ஒவ்வொரு ஷூவையும் அந்தக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தார்கள். கோடு இரண்டு பக்கமும் வழிந்தது. விரல் பக்கம் அகலமாக இருந்தது குதியில் கழன்றது, குதியில் நின்றது எலும்பு மேலேயே தையலை வைத்திருந்தது. அம்மா அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் கால்மேல் அவளுக்கே கோபம் வந்ததுபோல நேராக ஆண்கள் பக்கம் போனாள்.

கறுப்பு ஷூவைப் போட்டுக்கொண்டு கடையின் கோடிக்கு நடந்தாள். திரும்பினாள். மறுபடி நடந்தாள். அப்படியே வாசலைத் தாண்டித் தெருவுக்கே போய்விட்டாள். திருட்டு மணி அலறியது. காவலாளி ஓடிவந்தான். தெருவில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். அம்மா நடைபாதையில் நின்று தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கத்தட்டும் விடு,” என்றாள் தெலேசியாவிடம். “எனக்கு வலிக்கல.”

அடுத்த ஞாயிறு சர்ச் வாசலில் விக்கா அத்தை அந்த ஷூவைப் பார்த்தாள். மகனுடைய பூட்ஸைப் போட்டுக்கொண்டு கர்த்தர் சந்நிதிக்கு வருகிறாயா என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். மறு ஞாயிறு பழைய ஷூ, பழைய பஞ்சு. அத்தையிடம் அம்மா ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை.

போன வாரம் ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்க வாங்க அம்மா அந்தப் பேச்சை எடுத்தாள். கறுப்பு ஷூவோடுதான் போவேன் என்றாள். தெலேசியா சரி சரி என்று போர்வையை இழுத்துவிட்டாள். அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அத்தை தலைமாட்டுல இருப்பாங்க. நீ கால்மாட்டுல இருப்ப. பார்த்துக்க.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலாகிவிட்டது.

அது மருந்து மயக்கத்தில் வந்த பேச்சு என்று தெலேசியா நினைத்திருந்தாள். கறுப்பு ஷூவோடு கட்டிலோரம் நிற்கும்போதுதான் அம்மா எத்தனை தூரம் யோசித்திருக்கிறாள் என்று புரிந்தது.

முன்னறைக்கு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். அம்மாவின் கால் இரண்டும் எந்த வம்பும் இல்லாமல் கறுப்பு ஷூவுக்குள் போயின. ஒட்டுப்பட்டையை ஒருமுறை பிரித்துச் சரியாக ஒட்டினாள். அந்தச் சர்ரென்ற சத்தத்தில் பாட்டு நின்றது.

“என்ன அது?” என்றாள் அத்தை.

“அம்மாவோட ஷூ.”

“அது ஆம்பிளை ஷூ. சுலியெட்டி பொம்பளையாப் பொறந்தா, பொம்பளையாவே போகட்டும். கழட்டு.”

“அவங்க கேட்டது இதைத்தான் அத்தை.”

“யார்கிட்ட கேட்டா? என்கிட்ட கேட்கலியே.”

“உங்ககிட்ட எப்படிக் கேட்பாங்க? என்னைக்குக் கேட்டிருக்காங்க?”

ஜெபம் சொல்ல வந்திருந்த போதகர் தன் பைபிளைத் திறந்து பக்கம் தேட ஆரம்பித்தார். தம்பி சேமிசி வாசல் நிலையில் நின்று, வேண்டாம் அக்கா என்று கண்ணாலேயே கெஞ்சினான்.

அத்தை குரலை உயர்த்தவில்லை. உயர்த்தவேண்டிய அவசியம் அவளுக்கு என்றுமே இருந்ததில்லை. “அந்த ஷூ எனக்கு வேணும்,” என்றாள்.

அதற்குமேல் பேச்சில்லை. அத்தை வேண்டும் என்று சொன்னால் அந்தப் பொருள் அவளுடையது. அம்மாவின் கல்யாணப் பாய் அப்படித்தான் போனது. சேமிசியின் முதல் கித்தாரும் அப்படித்தான் போனது. கேட்டபோது எல்லாரும் சிரித்த முகத்தோடுதான் கொடுத்தார்கள். இல்லை என்று சொன்னால் நாளைக்கு இந்தக் குடும்பத்துச் சாவுக்கு யாரும் வரமாட்டார்கள் என்பது தெலேசியாவுக்கும் தெரியும். பயமாகத்தான் இருந்தது. அவள் பக்கத்திலிருந்த கத்தரியை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

“எடுத்துக்கங்க அத்தை. நான் தர மாட்டேன்னு சொல்லல. உங்க பொருள்தான். இங்க வந்து கழட்டி எடுத்துக்கங்க.”

தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு ஓர் ஆள் நீளம்தான். ஆனால் அத்தையாக இருப்பவள் தாழ்ந்த பக்கத்தில் வந்து மண்டிபோட்டுப் பிணத்தின் காலைப் பிடித்ததாக இதுவரை எவரும் கண்டதில்லை. அத்தை சேமிசியைப் பார்த்தாள்.

“டேய், நீ கழட்டிக் குடு.”

சேமிசி வந்தான். முதுகு வளைந்து, பாய் தரையில் உரச, அக்காவுக்குப் பக்கத்தில் குந்தினான். தெலேசியா இரண்டு கையையும் ஷூக்களின் மேல் வைத்திருந்தாள். அவன் அவள் கையைத் தொடவில்லை. ஷூவையே பார்த்தான். வீட்டுக்குள்ளேயே இதைப் போட்டுக்கொண்டு அம்மா டிவி முன்னால் ஆடிக்காட்டியதை நினைத்தானோ என்னவோ, அவன் மூக்கு சிவந்துவிட்டது. ஒட்டுப்பட்டையின் நுனியை விரலால் சும்மா ஒருமுறை நெருடினான்.

“ஒட்டிக்கிச்சு அத்தை,” என்றான். “வர மாட்டேங்குது.”

ஒட்டுப்பட்டை வராதா என்ன. அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். குழந்தைகூடப் பிரித்துவிடும். அத்தை நெடுநேரம் அவனைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள். தெலேசியா தலையைக் குனியவில்லை. குனிந்திருக்கவேண்டும் என்று பின்னால் பலர் சொன்னார்கள்.

கடைசியில் அத்தை அம்மாவின் நெற்றியில் கலைந்திருந்த முடியைச் சரி செய்தாள். அறுந்துபோன பாட்டை, அறுந்த வரியிலிருந்தே, தானே எடுத்துப் பாடினாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

விடிந்து, மூடி போட்டு, பெட்டியைத் தூக்கும்வரை தெலேசியா கால்மாட்டை விட்டு எழவில்லை. தலைமாட்டில் அத்தையும் எழவில்லை. டாரோக் கிழங்கும் மாட்டிறைச்சியும் தட்டில் வந்தன, தொடாமலே திரும்பிப் போயின. ஒருவரையொருவர் பார்ப்பதைத் தவிர இருவருக்கும் வேறு வேலை இருக்கவில்லை.

பெட்டி வாசல்படி இறங்கும்போது, பின்னால் பிடித்திருந்த ஒரு பையன் முனகினான். “கால் பக்கம்தான் கனமா இருக்கு.”

“பேசாம தூக்குடா,” என்றாள் விக்கா அத்தை.

அவள் திண்டாடிக்கொண்டிருந்தாள். செருப்புக் குவியலில் தன் கறுப்பு ஷூவைக் கண்டுபிடித்து வலது காலை நுழைத்தாள். ராத்திரி முழுக்க மடக்கி உட்கார்ந்ததில் கால் நன்றாக வீங்கியிருந்தது. போகவில்லை. குதியைத் தரையில் குத்திப் பார்த்தாள். விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. கட்டைவிரல் ஓரத்து எலும்பு புடைத்துக்கொண்டு வெளியே நின்றது. தெலேசியா அந்த எலும்பையே பார்த்தாள். நாலு வீட்டுக்காரர்கள், போதகர், பாட்டுக்குழு, எல்லாரும் காத்திருந்தார்கள். குனிந்து உதவி செய்ய ஒருத்தி வந்தாள். அத்தை அவள் கையைத் தட்டிவிட்டாள்.

ஷூவை உதறிவிட்டு, முகத்தை நிமிர்த்திக்கொண்டு, வெறுங்காலோடு படியிறங்கினாள். பனியில் நனைந்த புல்லைத் தாண்டி, கார் நிற்கும் சிமெண்டுத் தரையில் ஏறி நடந்தாள்.

தெலேசியா அந்த ஷூக்களைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். சிமெண்டில் ஈரக்கால் ஒவ்வொன்றாகப் பதிந்திருந்தது. கடைக்காரப் பெண் பென்சிலால் வரைந்த அதே கோடு, அதே அகலம். அவள் எதையும் மிதிக்காமல் ஓரமாகவே நடந்தாள்.