விளக்கின் உயரம்

என் புத்தகத்தின் முடிவை ஒருவர் பாராட்டிப் பேசியது அதுதான் முதல் முறை.

"மேடம், வானம் இறங்குற கதை எழுதினது நீங்கதானே?" என்றது தொலைபேசியில் ஒரு பெண்குரல். அவ்வளவு இனிமையான குரல் என்றால் ஏதோ விற்கப்போகிறாள் என்று அர்த்தம். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே தொடர்ந்தாள். "நாங்க ஒரு டெத் மெட்டல் பேண்ட் மேடம். உங்க கதைய வெச்சு ஏழு பாட்டு போட்டிருக்கோம். நீங்க சம்மதிக்காம பதிவு பண்ணக் கூடாதுன்னு இருக்கோம். ஒரு நாள் வந்து கேளுங்களேன். அந்த முடிவு இருக்கே மேடம்! யாருக்கு வரும் அப்படி எழுத?"

பேசி முடித்த பிறகும் தொலைபேசியைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

நான் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டை மெல்லிதாக இழுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து, அணுக்களை வகை பிரித்து எண்ணுவது என் வேலை. அப்படிக் குனிந்திருந்த ஒரு நாளில்தான் அந்தக் கதை தோன்றியது. ஓர் ஊரின் மேல் வானம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. முதலில் பறவைகள் தாழப் பறக்கின்றன. பிறகு மாடியில் குடியிருப்பவர்கள் கீழ்வீடு தேடி அலைகிறார்கள். கடைசியில்தான் தெரிகிறது, அது வானமே இல்லை, குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்றின் அடிவயிறு என்று. அதற்கு நம்மேல் கோபம் கிடையாது, அன்பும் கிடையாது. ஒரு வீட்டின் கூரையை அது மெல்லத் தூக்குகிறது. மஞ்சள் வெளிச்சம் உள்ளே விழுகிறது.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். "கடைசியில கொஞ்சம் நம்பிக்கை குடுங்கம்மா, பொம்பளைங்க படிக்கிற புத்தகம்" என்றார் பதிப்பாளர். கொடுத்தேன். பொழுது விடிகிறது, வானம் தன் இடத்துக்குப் போய்விடுகிறது, ஒரு தாய் ஜன்னலைத் திறக்கிறாள். அதன் பிறகு பத்துப் பன்னிரண்டு வருடங்களாக நான் எதையும் எழுதி முடிக்கவில்லை. எந்தக் கதையைத் தொடங்கினாலும் பாதி வழியில் அந்த ஜன்னல் வந்து நிற்கும். இதையும் கடைசியில் திறந்துவிடுவேன் என்று எனக்கே என்மேல் ஓர் அவநம்பிக்கை.

இப்போது ஒருத்தி அந்த முடிவுக்காகவே என்னைத் தேடிப் பிடித்திருக்கிறாள். நான்தான் என் எழுத்தைத் தவறாகப் புரிந்துவைத்திருந்தேனோ?

"டெத் மெட்டல்னா என்ன?" என்றார் என் கணவர்.

"சாவு, அழிவு, அதப் பத்தியெல்லாம் கத்திப் பாடுவாங்களாம்."

"பொருத்தமான இடத்துக்குத்தான் போயிருக்கு உன் கதை." செய்தித்தாளை மடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "முடிவு நல்லா இருக்குன்னா சொன்னா? எனக்குத் தெரிஞ்சு அது பிடிச்சது உன் பதிப்பாளருக்கு மட்டும்தான்."

"இப்ப ரெண்டு பேர் ஆயாச்சுல்ல?" என்றேன். குரலில் இருந்த துள்ளல் எனக்கே புதிதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன். ஒரு மெத்தைக் கடையின் மாடி. கிதார் வாசிப்பவன் மெத்தை தைப்பவன், கடையும் அவனுடையதுதான். வெட்டி மிஞ்சிய நுரைத் துண்டுகளைச் சுவர், கதவு, கூரை என்று ஓர் அங்குலம் விடாமல் ஒட்டியிருந்தான். பச்சை, ரோஸ், மஞ்சள். உலகத்தின் முடிவைப் பாடுகிற அறை மழலையர் பள்ளி மாதிரி இருந்தது. அவனை எல்லோரும் மெத்தை என்றே கூப்பிட்டார்கள். டிரம்ஸ் வாசிப்பவன் பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பவன். அவன் பெயர் பல்லு. என்னிடம் பேசிய பெண்தான் பாடகி.

"இவ பேரு குயில்" என்றான் மெத்தை. "நாங்க வெச்சதுதான்க்கா. இவ பாடினா கூரையில ஓடு நிக்காது."

"ஓடு எங்கடா இருக்கு? கான்கிரீட்டுதானே" என்றான் பல்லு.

"அதான் இன்னும் நிக்குது."

குயில் அவர்களைக் கண்டுகொள்ளாமல் எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். குடிநீர் வாரியத்தில் புகார்த் தொலைபேசி எடுக்கிற வேலை அவளுக்கு. "நாள் பூரா 'உங்க சிரமத்துக்கு வருந்துறோம்'னு சொல்லிட்டே இருக்கேன்கா. இங்க வந்துதான் கொஞ்ச நேரம் வருந்தாம இருக்கேன்."

மனிதனுக்குப் புரியாத, மனிதனைப் பொருட்படுத்தாத பேருருவங்களைப் பற்றிய கதைகள் என்றால் மூவருக்கும் உயிர். அதற்கு முன் போட்ட பாட்டெல்லாம் கடலுக்கடியில் உறங்கும் பூதங்களைப் பற்றியதாம். "அதுலயெல்லாம் கை எத்தனை கண்ணு எத்தனைன்னு சொல்லிடறாங்கக்கா" என்றான் மெத்தை. "எண்ணி முடிச்சுட்டா அப்புறம் என்ன பயம்? உங்க கதையில எண்ணுறதுக்கு ஒண்ணுமே இல்ல."

நாள் முழுக்க எண்ணுகிறவளிடம் இதைச் சொல்கிறான் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குப் பிடித்திருந்தது.

குயில் தன்னிடமிருந்த என் புத்தகத்தை என் மடியில் வைத்தாள். பழைய புத்தகக் கடையில் கிடைத்ததாம். அட்டை கிழிந்து, ஒட்டப்பட்டு, பக்கமெல்லாம் பென்சில் குறிகள். "வார்த்தை புரியாதுக்கா. விரல் வெச்சுக்கிட்டே வாங்க, நான் எங்க இருக்கேன்னு தெரிஞ்சுடும்."

பல்லு குச்சிகளைத் தட்டி நான்கு எண்ணினான்.

முதலில் சத்தம் காதில் விழவில்லை, விலா எலும்பில் விழுந்தது. மெத்தை தன் கிதாரின் கம்பிகளைத் தளர்த்தித் தளர்த்தி, அவை பாதாளத்தில் முனகுகிற அளவுக்கு இறக்கிவைத்திருந்தான். பல்லுவின் கால்கள் இரண்டும் தையல் இயந்திரம் போல ஓடின, முகம் மட்டும் பொய்ப்பல்லைச் செதுக்குகிறவனின் அமைதியோடு இருந்தது. குயில் கத்தவே இல்லை. மைக்கை உதட்டோடு வைத்து, ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, கிட்டத்தட்ட ரகசியம் சொல்வதுபோல நின்றாள். அந்தச் சின்ன உடம்பிலிருந்து வந்தது ஒரு மலை புரண்டு படுக்கிற ஒலி. என் விரல் வரிமேல் நகர்ந்தது. ஓர் எழுத்துகூட அவள் விழுங்கவில்லை. யாருக்கும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்தும் ஒவ்வொரு அசையையும் அதனதன் இடத்தில் வைத்துக்கொண்டே போனாள். நான் அவசரமாக எழுதித் தள்ளிய வாக்கியங்களைக்கூட. எழுதியபோது நான் அவற்றுக்கு அவ்வளவு மரியாதை கொடுத்திருக்கவில்லை.

ஆறு பாட்டுகளில் வானம் கூரைவரை இறங்கிவிட்டது. ஏழாவது தொடங்கியது. நான் பக்கத்தைத் திருப்பினேன். என் ஜன்னலுக்காகக் காத்திருந்தேன்.

ஜன்னல் இல்லை.

'முதல் வாரம் வெப்பம் மிக முக்கியம்' என்று தொடங்கியது அந்தப் பக்கம். 'விளக்கின் உயரத்தைக் குஞ்சுகளே சொல்லிவிடும். விளக்கடியில் குவிந்தால் குளிர்கிறது, இறக்க வேண்டும். விலகி ஓடினால் சுடுகிறது, ஏற்ற வேண்டும். மூலைகளை அட்டை வைத்து வளைத்துவிடவும். இல்லாவிட்டால் பயத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்டி இறந்துவிடும். இறந்தவற்றை உடனுக்குடன் அகற்றவும். கையில் எடுக்கும் முன் மெதுவாகப் பேசவும். குரலுக்குப் பழகிவிடும்.'

பாட்டு மிகவும் மெதுவாகப் போனது. அவளுடைய உறுமல் தாழ்ந்து தாழ்ந்து, 'குரலுக்குப் பழகிவிடும்' என்ற இடத்தில் தாலாட்டு போல ஆகிவிட்டது. என் கையில் மயிர் சிலிர்த்து நின்றது.

அது நான் எழுதியதில்லை.

கொஞ்சம் யோசித்ததும் புரிந்தது. என் பதிப்பாளர் சுயதொழில் கையேடுகளும் போட்டுக்கொண்டிருந்தார். புத்தகம் தைத்த இடத்தில் என் கடைசிப் பதினாறு பக்கத்துக்குப் பதிலாகக் கோழி வளர்ப்பின் பதினாறு பக்கம் ஏறி உட்கார்ந்துவிட்டது.

வாசித்து முடித்து மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். வியர்த்து, மூச்சு வாங்கி, தேர்வு முடிவுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி.

"கூரைய தூக்கினதும் மஞ்ச வெளிச்சம் வருதே, அது என்னன்னு நீங்க சொல்லவே இல்ல" என்றாள் குயில். "பக்கத்த திருப்பினா கோழிக்குஞ்சு வளக்குறது எப்படின்னு இருக்கு. நான் பஸ்ல படிச்சுக்கிட்டிருந்தேன். இறங்க வேண்டிய இடத்துல இறங்கல."

"பக்க எண்ணு நூத்தி அறுபதுலேர்ந்து முப்பத்தி மூணுக்குப் போகுது பாருங்க" என்றான் பல்லு. "அந்த நிமிஷத்தோட காலமே அறுந்துபோச்சு! இதக் கண்டுபிடிச்சது நான்தான்க்கா."

"எழுத்தும் சின்னதாயிடுது" என்றான் மெத்தை. "நாம எவ்வளவு சின்னவங்கன்னு காட்டத்தானே? எப்படிக்கா தோணிச்சு இதெல்லாம்?"

"சும்மா... அப்படியே தோணிச்சு" என்றேன்.

சொல்லிவிட்டேன். வெந்நீரில் கால் வைத்த மாதிரி அவ்வளவு இதமாக இருந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை. பதிப்பகம் எப்போதோ மூடியாகிவிட்டது. இந்த மூன்று பேரின் கண்களில், எதையும் பார்த்துக் கண்ணை மூடாத ஓர் எழுத்தாளர் இந்த ரோஸ் நிற அறையில் உட்கார்ந்திருந்தார். அவராக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. அவராக இருந்திருந்தால் இத்தனை வருடங்களில் எத்தனை எழுதியிருப்பேன்!

தேநீர் வந்தது. குயில் என் காலடியில், விற்காத ஒரு மெத்தைமேல் உட்கார்ந்துகொண்டாள். பேசும்போது மறுபடியும் அந்தத் தேன்குரல்.

"எங்க ஆபீஸ்ல சொல்லித் தருவாங்கக்கா, கோவமா இருக்கிறவங்ககிட்ட மெதுவா பேசுங்க, பழகிடுவாங்கன்னு. தண்ணி வராது, ஆனா பழகிடுவாங்க. அந்தக் 'குரலுக்குப் பழகிவிடும்'கிற வரியப் படிச்சதும், அய்யோ நான்தான் அதுன்னு தோணிச்சு. அந்த மேல இருக்கிறது நான்தான். அப்புறம் வீட்டுக்குப் போனா நானும் குஞ்சுதான். என்னை இப்படி யாருமே பாத்ததில்ல." கோப்பையைக் கீழே வைத்தாள். "அடுத்து என்ன எழுதறீங்க? எதுவானாலும் குடுங்க, நாங்க பாடறோம். கண்ண மூடிக்கிட்டுப் பாடுவோம்."

கண்ணை மூடிக்கொண்டு என்றதும்தான் எனக்குப் பயம் வந்தது. நான் கொடுப்பேன். அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு ஜன்னல் இருக்கும். அதையும் இவள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஓர் எழுத்து விடாமல் பாடுவாள்.

"அந்தக் கோழி நான் எழுதினதில்லம்மா" என்றேன்.

மூவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. புத்தகத்தைத் திறந்து தையலைக் காட்டினேன், காகிதத்தின் நிறம் மாறுகிற இடத்தைக் காட்டினேன். பல்லு புத்தகத்தை வாங்கி, பல் அச்சைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு அப்படியே பின்னால் சாய்ந்து, தொடையில் அடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினான். "காலம் அறுந்துபோச்சுன்னு கட்டுரையே எழுதி வெச்சிருக்கேன்டா!"

"அப்ப... யாருமே எழுதலையா?" என்றான் மெத்தை.

"கோழிக்காக யாரோ எழுதியிருக்காங்க" என்றாள் குயில் மெதுவாக. "யாரோ தப்பா எடுத்து தெச்சிருக்காங்க. ரெண்டு பேருக்கும் நம்மளத் தெரியாது. நம்மளப் பத்தின்னே தெரியாது." என் பக்கம் திரும்பினாள். "சரி, உங்க முடிவு என்னக்கா?"

சொன்னேன். விடியல், வானம், ஜன்னல்.

மெத்தை கிதார் பட்டையைச் சரிசெய்தான்.

"அதுவும் நல்லாத்தான்க்கா இருக்கு" என்றான் பல்லு.

இத்தனை வருடங்களில் அந்த முடிவுக்குக் கிடைத்த மிகச் சரியான விமர்சனம் அதுதான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தேன். அது முழுக்கச் சிரிப்பு இல்லை என்று குயிலுக்குத் தெரிந்திருக்க வேண்டும், என் முழங்காலில் கை வைத்தாள்.

"வானத்த இறக்கினது நீங்கதானேக்கா? மாடிக்காரங்க கீழ்வீடு தேடுறது, கூரைய தூக்குறது? அது இல்லன்னா இது வெறும் கோழிப்பண்ணை."

அவள் சமாதானம் சொல்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். சமாதானம் சொல்வதே தொழிலாக இருப்பவள். ஆனால் இது அந்தக் குரல் இல்லை.

ஆறு பாட்டுகளுக்கு என் பெயரைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். ஏழாவதற்கு யார் பெயரும் வேண்டாம், வெறுமையாக விட்டுவிடலாம் என்றாள் குயில். அதை இன்னொரு முறை வாசிக்க முடியுமா என்று கேட்டேன்.

வாசித்தார்கள். இந்த முறை அந்த வார்த்தைகளுக்குப் பின்னால் நான் இல்லை, யாருமே இல்லை என்று தெரிந்து கேட்டேன். நாங்கள் நான்கு பேரும் அந்த நுரை ஒட்டிய அறைக்குள், எங்களுக்காகச் சொல்லப்படாத ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தோம். நான் எழுத நினைத்தது இதைத்தான். கையெட்டும் தூரத்தில்தான் இருந்திருக்கிறது, நான்தான் நடுவில் ஒரு ஜன்னலை வைத்துவிட்டேன்.

கிளம்பும்போது கேட்டேன். "இந்தப் புத்தகத்த எனக்குத் தர்றியா?"

குயில் அதைச் சட்டென்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "தர மாட்டேன்கா. உங்க வீட்டுலதான் சரியான புத்தகம் இருக்குமே!"

"இருக்கு. அதனாலதான் கேக்கறேன்."

அவள் என்னையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வேணும்னா ஜெராக்ஸ் எடுத்துத் தரேன்" என்றாள் கடைசியில்.