தலையீத்துக்காரியின் மடி

இப்போதெல்லாம் ஜனங்களுக்கு இரக்கம் ரொம்ப மலிவாகிவிட்டது. பால் வாங்க வருகிறவன் வண்டியை விட்டு இறங்காமலே, கன்று வயிறாரக் குடித்ததா என்று என்னைக் கேட்கிறான். பெற்ற தாய் சாப்பிட்டாளா என்று அவன் கேட்டு எத்தனை நாளாயிற்றோ.

என் மகளையும் அந்தக் கிறுக்கு பிடித்துக்கொண்டது. தொழுவம் இப்போது அவள் கையில். நான் தொழுவத்தைப் பார்த்துக்கொண்டவரை கன்று பிறந்த மறுநாளே பிரித்து, வாளியில் பால் காட்டிப் பழக்கிவிடுவோம். முதல் கன்று போட்ட இந்தத் தலையீத்துக்காரியின் கன்று மட்டும் தாயோடுதான் வளரும் என்று அவள் சொல்லிவிட்டாள். ராத்திரி மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம். காலையில் கறந்து முடித்ததும் அவிழ்த்து விடுவாள். மாடு சும்மா இருக்குமா? கறக்கும்போது பாதிப் பாலை மடியிலேயே அடக்கிக்கொண்டு கன்றுக்கு வைத்தது.

இந்தப் பாலுக்கு இதைக் கட்டித் தீனி போட முடியாது, மாட்டு வியாபாரியிடம் தள்ளிவிடலாம் என்று மருமகன் சொன்னான். மகள் எழுந்து தொழுவத்துக்குப் போய்விட்டாள். அந்தப் பசு பிறந்தபோது கையை விட்டு இழுத்து எடுத்தவளே அவள்தான். அது வெட்டுக்குப் போவதில் எனக்கும் இஷ்டமில்லை. எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

அவள் தீவன மூட்டை எடுக்கப் போயிருந்த காலையில் கன்றைக் கொண்டுபோய்ப் பின்கொட்டகையில் அடைத்தேன். மாடு ஏமாறட்டும் என்று, கன்று படுக்கிற சாக்கை அதன் முகத்துக்கு நேரே தொங்கவிட்டேன். சாக்கை நக்கியது. நக்க நக்க வாசனை ஏறி, கொட்டகைப் பக்கம் திரும்பிக் கத்த ஆரம்பித்தது. கறவை மெஷினை உதைத்து எறிந்தது. கையால் பிடித்துப் பார்த்தேன். மடி கல் மாதிரி. காம்பில் ஒரு சொட்டு இல்லை. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன்.

கத்தல் தெருமுனைக்கே கேட்டிருக்கிறது. மகள் மூட்டையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"யாரைக் கேட்டுப் பிரிச்சீங்க?"

"உன் புருஷன் விக்கிறேன்னு நிக்கிறான். காப்பாத்தத்தான் பிரிச்சேன்."

"இவ்வளவு நாள் கூட வச்சுட்டு இப்ப பிடுங்கினா பால் விடுமா? மறுநாளே பிரிக்கிறதும் இதுவும் ஒண்ணாப்பா?"

"நீ மூக்கு ஒழுகிட்டு நின்ன காலத்துலேர்ந்து கறக்கிறேன். எனக்கு மாடு சொல்லித் தர்றியா?"

"கறந்தீங்க. மறுநாளே பிரிச்சாலும் மாடு கத்தத்தான் செஞ்சுது. நீங்க ரேடியோவைச் சத்தமா வச்சுக்குவீங்க. அம்மாதான் தூங்காம கேட்டுட்டிருப்பாங்க."

செத்துப்போனவளைச் சாட்சிக்கு இழுத்தால் யாரோடு சண்டை போடுவது?

மாட்டின் வாயை மூடவைக்க வேறு வழி தெரியாமல், மகள் கன்றை இழுத்து வந்து தாயின் மூக்கடியில் நிறுத்தினாள். அது வரையில் கறக்கும்போது கன்றைப் பக்கத்தில் விட்டதே இல்லை. மாடு கன்றின் காதை நக்கிற்று. மெஷினை எடுக்கக்கூட நேரமில்லை, காம்பிலிருந்து தானாக வடிந்தது. மகள் மூன்று காம்பைக் கறந்தாள், நாலாவதைக் கன்றுக்கு விட்டாள். வாளி நுரை தட்டி நின்றது.

மருமகன் எட்டிப் பார்த்தான். "வியாபாரியை வர வேண்டாம்னு சொல்லிடறேன் மாமா. கன்னு இங்கேயே நிக்கட்டும்."

மகள் என் முகத்தைப் பார்த்தாள்.

"மடி அவ்வளவு கனத்தா எந்த மாடும்தான் ஒழுகும்," என்றேன். "கன்னுக்காகன்னு நினைச்சுக்காதே."

அவள் சிரித்தாளோ என்னவோ, நான் திரும்பவில்லை. ஒரு வாளிப் பாலைக் காட்டி என்னை மசியவைக்க முடியாது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.