ஊசின கோழி

என் கைச் சமையலைப் பற்றி மத்தூரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், நல்லதாகத்தான் சொல்வார்கள். என்னைக் கட்டிக்கொண்டவரைத் தவிர. முப்பத்திரண்டு வருடமாக அந்த மனுஷன் வாயிலிருந்து "நல்லாருக்குது" என்று ஒரு வார்த்தை வந்ததில்லை. முதல் வாய் வைத்ததும் தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பார். ஏதோ கிணற்றுக்குள் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தம் கேட்கிற மாதிரி கொஞ்ச நேரம் இருப்பார். அப்புறம், "மாதம்மா, உப்பு ஒரு கல்லு தூக்கல்" என்பார். இல்லாவிட்டால், "ஒரு கல்லு பத்தல" என்பார்.

ஒரு கல்! கொத்தனார் மேஸ்திரி அல்லவா, சுவரில் நூல் பிடிக்கிற மாதிரி என் குழம்பிலும் நூல் பிடித்தார். நான் மட்டும் விடுவேனா? "அந்த ஒரு கல்லைப் பொறுக்கி ஓரமா வெச்சுட்டுத் தின்னுங்க" என்பேன். சண்டை போட்டுக்கொண்டே இரண்டாம் தரம் சோறு போடச் சொல்வார். ஆனால் அந்த வார்த்தை வராது. சாவதற்குள் அவர் வாயால் ஒரு "நல்லாருக்குது" வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வைராக்கியம். சாவு என்றால் அப்போது என் சாவைத்தான் நினைத்தேன். அவருக்கென்ன, கல்லு மாதிரி இருந்தார்.

போன வருடம் கன்னத்துக்குள் ஒரு புண் வந்தது. முப்பது வருடமாகப் புகையிலை அடக்கிய இடம். பெங்களூரில் ஆபரேஷன் செய்தார்கள், அப்புறம் புற்றுநோய்க்காரர்களுக்கு வைக்கிற கரண்டை முப்பது நாள் வைத்தார்கள். மத்தூரிலிருந்து தினம் அலைய முடியாது என்று ஓசூரில் எங்கள் மகன் விமல்ராஜ் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். சிப்காட்டுக்குப் பக்கத்தில் மாடியில் இரண்டு அறை. அவனும் மருமகள் சௌமியாவும் வேறு வேறு கம்பெனியில், வேறு வேறு ஷிப்டில் வேலை. அவர்களுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. சௌமியா ஓசூர்க்காரி. வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. நல்ல பெண்தான். ஆனால் ரசத்தில் சர்க்கரை போடுகிற பெண்.

கரண்டு முடிந்து இரண்டு மாதத்தில் வாய்ப்புண் எல்லாம் ஆறிவிட்டது. அவருக்குச் சோறு மட்டும் இறங்கவில்லை. டாக்டரம்மா சொன்னார்: "கரண்டு வெச்சதுல நாக்குல ருசி போயிருக்கும்மா. சில பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமா திரும்பி வரும். சில பேருக்கு வராமலே போயிடும். ருசி வந்துட்டா சாப்பாடு தானா இறங்கும். இப்ப எடை நாப்பத்தொண்ணு. இதுக்கும் கீழ போனா மூக்கு வழியா டியூப் போட்டுத்தான் கஞ்சி ஊத்தணும். காரம் மட்டும் வேணவே வேணாம்."

டியூப் என்றதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊரில் பத்து ஆளை வைத்து வேலை வாங்கிய மனுஷன். பக்கத்து வார்டில் ஒருவர் மூக்கில் குழாயோடு படுத்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் தன் மூக்கையே தடவிக்கொண்டிருந்தவர். "அதை மட்டும் போட வுட்டுடாத மாதம்மா" என்றார். ருசி வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அதைத் தவிர வேறு வேண்டுதல் இல்லை.

மிளகாயே இல்லாமல் கோழிச்சாறு வைத்தேன். ஒரு வாய் வாங்கினார். "மண்ணு மாதிரி இருக்குது" என்றார்.

"மண்ணைத் தின்னு பாத்திருக்கீங்களா, கரெக்டா சொல்றதுக்கு?"

"உப்பே இல்லியே மாதம்மா."

இன்னும் கொஞ்சம் போட்டேன். "இல்லியே" என்றார். மறுபடி போட்டேன். "இல்லியே." ஒரு கல் கூடினாலும் குறைந்தாலும் கண்டுபிடிக்கிற நாக்கு. நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வாய்தான் எனக்கு நீளமே தவிர மனசு அவ்வளவு கெட்டியில்லை.

அந்த வாரத்தில்தான் சௌமியா கம்பெனி விட்டு வரும்போது ஒரு பாட்டில் வாங்கி வந்தாள். உள்ளே கருகருவென்று வண்டிச் சக்கரத்துக்குப் போடுகிற மசை மாதிரி ஏதோ இருந்தது.

"என்னாடி இது?"

"ஹொய்சின் சாஸ் அத்தை."

"ஊசின சாஸா?"

"அய்யோ ராமா, ஊசின இல்ல அத்தை, ஹொய்சின்! சீனாக்காரங்க போடறது. எங்க கம்பெனிக்கு வெளிநாட்டு இன்ஜினியருங்க வந்திருக்காங்க இல்ல, கேன்டீன்ல அவங்களுக்கு இதுலதான் கோழி செய்யறாங்க. நான் மாஸ்டர்கிட்ட கேட்டுட்டு வந்தேன். மொளகாயே கெடையாது. மாமாவுக்கு ஒத்துக்கும்."

"எங்க ஊர்ல ஊசினதை நாய்க்கு வெப்போம். நீ காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்கற."

கட்டிலில் படுத்திருந்தவர் சிரித்தார். ஆபரேஷனுக்கு அப்புறம் அவருக்கு வாய் ஒரு பக்கம்தான் சிரிக்கும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு ஊசின கோழி என்றே பெயர் ஆகிவிட்டது.

சௌமியா செய்தாள். வெல்லப்பாகில் பூண்டு நசுக்கிப் போட்ட மாதிரி ஒரு வாசனை வீடெல்லாம் சுற்றியது. குழைந்த சோற்றில் நாலு துண்டு வைத்துக் கொடுத்துவிட்டு, கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றாமல் அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எட்டு மணி நேரம் லைனில் நின்றுவிட்டு வந்தவள். அவர் மென்றார், விழுங்கினார், நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"நல்லாருக்குதும்மா" என்றார்.

எனக்குக் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. நான் முப்பத்திரண்டு வருடம் தவம் கிடந்த வார்த்தை. இவளுக்கு ஒரே பாட்டிலில் கிடைத்துவிட்டது.

அன்றைக்கு நான் பாத்திரம் கழுவிய சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்டிருக்கும். ஆனாலும் பொய் சொல்லக் கூடாது, உள்ளுக்குள் குளிர்ந்தும் போனேன். நாக்கு திரும்புகிறது! ஒரு மாதத்தில் நாற்பத்தொன்று நாற்பத்து மூன்றானது. சௌமியா வேலையிலிருந்து வந்ததும் "ஊட்டா ஆயித்தா மாமா?" என்று, சாப்பாடு ஆச்சா என்பதைக் கன்னடத்தில் கேட்பாள். "நீ செய்யாம எப்பிடிம்மா ஆவும்?" என்பார் அவர். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். எங்கள் வீட்டிலோ மருமகள் சமைத்தால் பொன், நான் சமைத்தால் அதே மண். நான் எது வைத்தாலும் "மண்ணு மாதிரி இருக்குது" என்பதை அவர் விடவில்லை.

"அவ செஞ்சா மட்டும் தேனா வழியுதா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"நான் என்னா பண்ணட்டும் மாதம்மா" என்றார். அந்தக் குரலை நான் கவனித்திருக்க வேண்டும். எனக்கு அப்போது வயிற்றெரிச்சல்.

அந்த ஊசின கோழியை நான் ஒரு துண்டுகூட வாயில் வைத்ததில்லை. ரோஷம். ஆனால் அவள் செய்வதைக் கதவோரம் நின்று களவாணி மாதிரி நாலைந்து தரம் பார்த்துவிட்டேன். பூண்டு, இஞ்சி, நல்லெண்ணெய், பொடிப்பொடியாகத் தொடைக்கறி, கடைசியில் அந்த மசை இரண்டு ஸ்பூன். ஒன்றை மட்டும் என்னால் நம்ப முடியவில்லை. அவள் உப்பே போடவில்லை. ஒரு தரமும் போடவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. உப்பில்லாமலே அவருக்கு இவ்வளவு பிடிக்கிறது என்றால், நான் என் கையால் உப்புப் போட்டுச் செய்தால் எப்படி இருக்கும்? அவளைக் கேட்டிருக்கலாம்தான். நேற்று வந்தவளிடம் நான் போய்க் கோழி செய்யக் கற்றுக்கொள்வதா?

போன ஞாயிற்றுக்கிழமை சௌமியாவுக்கு ஓவர்டைம். மூன்று மணிக்குத்தான் வருவாள். விமல்ராஜ் ஷிப்டு முடித்து வந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். நான் அரைக்கிலோ கறி வாங்கி வந்து மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசறி வைத்தேன். நல்லெண்ணெயில் பூண்டையும் இஞ்சியையும் வதக்கி, கறியைப் போட்டு வேகவிட்டேன். இரண்டு ஸ்பூன் என்ன கணக்கு, கால் பாட்டிலைக் கவிழ்த்தேன். தண்ணீர் தெளித்துச் சுண்டவிட்டேன். கடைசியில் குழம்புக்குப் போடுகிற என் கையளவு கல்லுப்பு போட்டுக் கிளறி இறக்கினேன். நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. நான் எப்போதும் பார்ப்பதில்லை. ருசி பார்த்துப் பார்த்துச் சமைக்கிறவள் சமையல்காரியா?

சோற்றைக் குழைத்து, மேலே நாலு துண்டு வைத்து அவர் கையில் கொடுத்தேன்.

"சௌமியா வந்துட்டாளா?"

"இல்ல. நான்தான் செஞ்சேன். உங்க ஊசின கோழி."

எதிரில் உட்கார்ந்துவிட்டேன். முதல் வாய் வைத்தார். என் கண் அவர் தலை மேலேயே இருந்தது. சாயவில்லை. மென்றார், விழுங்கினார். இன்னொரு துண்டு எடுத்தார். என் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன தெரிந்ததோ.

"நல்லாருக்குது மாதம்மா" என்றார்.

ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு வெட்கம் வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். கிடைத்ததோடு விட்டிருக்கலாம், ஆசை விடுமா?

"உப்பு?"

"சரியா இருக்குது. ஒரு கல்லு கூடவும் இல்ல, ஒரு கல்லு கொறையவும் இல்ல."

"அவ செய்யறது நல்லாருக்குதா, நான் செஞ்சதா?"

"நீ செஞ்சதுதான். அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடாத, பாவம்."

எழுந்து போய் எனக்கும் ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தேன். நாமும்தான் பார்ப்போமே அப்படி என்ன இருக்கிறது இதில் என்று ஒரு துண்டை வாயில் போட்டேன்.

உப்பு. உப்பு என்றால், ஊறுகாய்க்கு மாங்காயைப் போட்டு வைத்த ஜாடித் தண்ணீரைக் குடித்த மாதிரி. நாக்கு சுருண்டுவிட்டது. அந்த மசையிலேயே தேவைக்கு மேல் உப்பு இருந்திருக்கிறது, அதனால்தான் அவள் போடவில்லை. நான் அதன் தலையில் இரண்டு தரம் கொட்டியிருக்கிறேன். ஒரு நாய்கூட மோந்து பார்க்காது அதை.

துப்பத்தான் வாயைத் திறந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு அடுத்த துண்டை மென்றுகொண்டிருந்தார். நிதானமாக, சம்பளத்துக்கு வேலை செய்கிற மாதிரி.

விழுங்கினேன். அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. நாக்கு திரும்பவில்லை. துளிகூடத் திரும்பவில்லை. இந்த ஒன்றரை மாதமாக அவர் தின்றதெல்லாம் மண். கால் கடுக்க நின்று சமைத்துப் போட்டுவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற வேற்று வீட்டுப் பெண்ணிடம் அதைச் சொல்ல முடியாமல், நல்லாருக்குது நல்லாருக்குது என்று மென்று மென்று இரண்டு கிலோ ஏற்றியிருக்கிறார். என்னிடம் மட்டும்தான் மண் என்று உண்மையைச் சொன்னார். நான் பொண்டாட்டி, என்னிடம் சொல்லலாம். பாவி நான், அதற்கும் சண்டைக்குப் போனேன். கடைசியில் எதிரில் உட்கார்ந்து பிச்சைக்காரி மாதிரி அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த வார்த்தையைப் பிச்சையாகப் போட்டுவிட்டார். இனிமேல் இந்த வீட்டில் அவர் உண்மை சொல்ல ஒரு ஆளும் இல்லை.

அவர் தட்டில் மிச்சமிருந்த துண்டுகளை எடுத்து என் தட்டில் போட்டுக்கொண்டேன். "நீங்களே எல்லாத்தையும் தின்னா எப்பிடி? எனக்கு வேணாமா?" என்று அதட்டினேன். சட்டியில் இருந்ததையும் வழித்துக்கொண்டேன். சௌமியா வந்தால் ஒரு துண்டு எடுத்து வாயில் போடுவாள். அவளுக்கு இது தெரியக் கூடாது. ஒவ்வொரு துண்டாக விழுங்கினேன். கண்ணிலிருந்து அதுபாட்டுக்கு வழிந்தது.

அவர் பார்த்துவிட்டார். "என்னா மாதம்மா, கண்ணுல தண்ணி? காரம் தூக்கலா?"

அதில் ஒரு மிளகாய்கூட இல்லை.

"ஆமாங்க" என்றேன். "மொளகா கொஞ்சம் கூடிப்போச்சு."

பழையபடி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். நாக்கை வாய்க்குள் ஒருதரம் சுழற்றினார்.

"ஆமா, ஆமா" என்றார். "எனக்கும் லேசா சுருக்குன்னுது."