தூள் அலுமாரி

காலை ஆறு பத்துக்கு எழும்புகிறேன். ஜன்னல்களைத் திறந்து பத்து நிமிடம் விடுகிறேன். தேநீர். இரண்டு துண்டுப் பாண், சீஸ். கோப்பையைக் கழுவித் துடைத்து உள்ளே வைக்கிறேன். அடுப்பையும் துடைக்கிறேன். அதில் சமைத்து இரண்டு மாதமாகிறது.

ஜன்னல் திறப்பது என் மனைவி துசாந்தினி போட்ட சட்டம். வெஸ்ட்லியில் இருக்கும் இந்த வீட்டை விற்றால்தான், ஹவுகெட்டோவில் கட்டிக்கொண்டிருக்கும் புது மாடிக் கட்டடத்தில் நாங்கள் பதிந்த வீட்டை எடுக்க முடியும். கறி மணக்கும் வீட்டுக்கு நோர்வேக்காரர் விலை சொல்ல மாட்டார்கள் என்பது இங்கே தமிழருக்குள் ஒரு பேச்சு. அதனால் விற்கும் முன் சுவர் கழுவுவார்கள், பெயின்ற் அடிப்பார்கள், சமையலைச் சொந்தக்காரர் வீட்டில் வைத்துக்கொள்வார்கள். நாங்களும் ஒரு வாரம் கழுவினோம். துசாந்தினி தன் கையால் வறுத்து அரைத்த கறித்தூள் போத்தல் நிலவறைக்குப் போனது.

அந்த வாரக் கடைசி, வெள்ளிக்கிழமை, அவள் வேலையிடத்தில் விழுந்தாள். மூளையில் இரத்தக் கசிவு. வயது இருபத்தொன்பது.

செத்தவீடு முடிந்து வந்து அவளுடைய உடுப்பு அலுமாரியைத் திறந்தேன். எல்லாம் தோய்த்து மடித்திருந்தது. சவர்க்காரம் மணந்தது. தலையணையும் சவர்க்காரம்தான். அவளுடைய மணம் வீட்டில் எங்கும் இல்லை. நாங்களே கழுவி முடித்திருந்தோம்.

விற்பனையை நான் நிறுத்தவில்லை. நிறுத்துவதென்றால் யாரோடாவது கதைக்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வீடு பார்க்க வந்தார்கள். பார்த்தவர்கள் மறுநாள் போட்டிக்கு விலை சொல்வார்கள். அந்த நேரம் வீட்டுக்காரர் வெளியே போய்விடுவது வழக்கம். நான் போகவில்லை. வந்தவர்களைப்போல சப்பாத்துக்கு மேல் நீலப் பிளாஸ்ரிக் உறை போட்டுக்கொண்டு நின்றேன். வீட்டை விற்றுத்தரும் பெண் பார்த்தாள். அடுத்து வந்தவருக்கு உறையை நீட்டினாள்.

குசினிக்குள் ஒரு தமிழ்ச் சோடி. அவளுக்கு ஏழு மாதம் இருக்கும். அடுப்புக்கு மேலிருந்த சின்ன அலுமாரியைத் திறந்து எட்டி மணந்து பார்த்தாள்.

"இஞ்சை வாங்கோப்பா. எங்கட ஆக்கள்தான் இருந்திருக்கினம்."

"எப்பிடித் தெரியும்?"

"தூள் மணக்குது. பெருஞ்சீரகம் கொஞ்சம் கூட."

"சத்தமாச் சொல்லு, விலை குறையட்டும்."

அவள் சிரித்தாள். அவன் என் பக்கம் திரும்பினான். "என்ன அண்ணை, நீங்களும் விலை ஏத்தப் போறியளோ?"

"ஓம்."

"எங்களை விட்டிடுங்கோ அண்ணை. இது நாங்கள் பாக்கிற எட்டாவது வீடு."

எல்லோரும் போனபின் அலுமாரிக்குள் தலையை விட்டேன். மேல்தட்டின் பின்மூலை துசாந்தினிக்கு எட்டாது. என்னைத் துடைக்கச் சொல்லியிருந்தாள். துடைத்துவிட்டேன் என்று பொய் சொல்லியிருந்தேன்.

அங்கே இருந்தது. பெருஞ்சீரகம் கொஞ்சம் கூட.

திங்கட்கிழமை விற்றுத்தரும் பெண் தொலைபேசியில் வந்தாள். கூடிய விலை சொன்னது அந்தச் சோடிதானாம். றஜீவ், டிலக்சி. பன்னிரண்டு மணிக்குள் பதில் வேண்டும்.

விற்கவில்லை என்றேன்.

அப்போ ஹவுகெட்டோ வீடு என்று கேட்டாள். அது போகட்டும் என்றேன். தொலைபேசியை வைத்தாள். அந்தப் பெண்ணின் ஏழு மாத வயிறு நினைவுக்கு வந்தது. அவர்களுக்கு இனி ஒன்பதாவது வீடு.

நிலவறைக்குப் போய்த் தூள் போத்தலை எடுத்துவந்தேன். கடையில் மீன் வாங்கினேன். தூளும் உப்பும் பிரட்டி வைத்தேன். ஜன்னல்களைச் சாத்திவிட்டு எண்ணெயைக் காயவிட்டேன்.

துசாந்தினி விழுந்த அந்த வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குப் போகக் கதவடியில் குனிந்து சப்பாத்துப் போட்டபடி சொன்னாள்:

"மீன் கீன் பொரிச்சுப்போடாதேங்கோ, என்ன? வீடு மணக்கும்."