கரையாத உருண்டைகள்

அந்தப் பழரசக் கம்பெனியில் சொட்டு அண்ணனைத் தெரியாதவர்கள் கிடையாது. நல்ல பாக்டீரியாவைக் கடற்பாசிக் கூழில் கலந்து, ஊசி வழியே கால்சியம் கரைசலில் சொட்டவிடும் மெஷின் அவர் பொறுப்பு. விழுந்த சொட்டு கடுகளவு உருண்டையாக இறுகிவிடும். ரசத்தின் புளிப்பிலும் வயிற்று அமிலத்திலும் சாகாமல் பாக்டீரியா குடல்வரை போய்ச் சேர வேண்டுமே, அதற்குத்தான் இந்தக் கவசம்.

உள்ளே எத்தனை உயிரோடு இருக்கிறது என்று கண்ணாடித் தட்டில் முளைக்கவிட்டு, புள்ளிகளை எண்ணிச் சொல்பவள் லேப் மேடம். கெட்டிக்காரிதான். அது எல்லோருக்கும் தெரிந்தே ஆக வேண்டும் என்பதுதான் அவளுடைய வியாதி.

போன மாதம் ஒரு தொகுதியை எண்ணினாள். கோடிக்கணக்கில் இருக்க வேண்டிய இடத்தில் சில ஆயிரம்கூடத் தேறவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே மெஷின் அறைக்குப் போனாள். அங்கே எட்டுப் பேர் இருந்தார்கள்.

"கூழ் ஆறுறதுக்குள்ள கொட்டி வேக வச்சுட்டியா? அத்தனையும் செத்துப்போச்சு!"

ஒன்பது வருஷமாக வாய் நிறைய "அண்ணே, வாங்க, போங்க" என்றவள்தான்.

"இல்ல தங்கச்சி, ஆற வச்சுத்தான் கலந்தேன். நீ அந்த உருண்டைய..."

"எனக்கே பாடம் எடுக்கிறியா? உன் வேலையப் பாரு."

தொகுதி முழுவதையும் கொட்டினார்கள். அவரை பாட்டிலுக்கு லேபிள் ஒட்டும் பக்கம் தள்ளினார்கள். இந்த வெள்ளிக்கிழமையோடு வேலையை விட்டே நிறுத்திவிடப்போவதாக மேலாளர் சொல்லியிருந்தார்.

புதன்கிழமை பிரிட்ஜைச் சுத்தம் செய்யும்போது, அந்தத் தொகுதியின் சோதனைக் குழாய் அவள் கையில் அகப்பட்டது. அடியில் உருண்டைகள் முழுசு முழுசாகக் கிடந்தன. எண்ணுவதற்கு முன்னால் உருண்டையைச் சிட்ரேட் கரைசலில் கரைக்க வேண்டும். அன்று உருண்டை இல்லாத தயிர் சாம்பிள்களோடு சேர்த்துக் கைப்பழக்கத்தில் இதற்கும் வெறும் உப்புத் தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். கரையாத உருண்டைக்குள் லட்சம் இருந்தாலும் தட்டில் ஒரே புள்ளியாகத்தான் முளைக்கும்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கூடம் நேராகத்தான் இருந்திருக்கிறது.

மிச்ச உருண்டைகளைக் கரைத்துத் தட்டில் பரப்பினாள். முளைக்க இரண்டு நாள் ஆகும். குழாயைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்ற நினைப்பு அந்த இரண்டு நாளும் வந்து வந்து போனது. அப்படி நினைத்ததற்கே அவள் கூசினாள். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்ட கணவனிடம் தலைவலி என்றாள். மனுஷி அவமானத்துக்கு வைக்கும் பேர்களில் அதுவும் ஒன்று.

வெள்ளிக்கிழமை காலை தட்டு முழுக்க வெள்ளை வெளேரென்று முளைத்திருந்தது. ஒரு மாதம் குளிரில் கிடந்தும் சாகவில்லை.

மேலாளரையும் சொட்டு அண்ணனையும் மெஷின் அறைக்கு வரச் சொன்னாள். அதே எட்டுப் பேரும் இருந்தார்கள். தட்டை எல்லோருக்கும் தெரியும்படி நீட்டினாள்.

"தப்பு என்னோடது. கரைக்காம எண்ணிட்டேன். அண்ணன் போட்டதுல ஒரு குறையும் இல்ல. வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், மன்னிச்சிருங்கண்ணே."

மேலாளர் செருமிக்கொண்டு, "சரி, நீங்க மெஷினுக்கே வந்துடுங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார். மற்றவர்களும் கலைந்தார்கள்.

அவர் ஊசியைக் கழற்றிக் கழுவ ஆரம்பித்தார். அவள் போகாமல் நின்றாள்.

"அண்ணே, அன்னைக்கு ஏதோ சொல்ல வந்தீங்களே?"

"கரைச்சுப் பாத்தீங்களான்னு கேக்க வந்தேன், மேடம்."

ஒன்பது வருஷத்தில் அவர் அவளை மேடம் என்றது அதுதான் முதல் தடவை.