பைன் மரத்தில் பால்

ராஜமாணிக்கத்தின் கெஸ்ட் ஹவுஸில் எட்டு அறைகள், ஒரு பைன் மரம். செங்கம் சாலையில் வேறு யாரிடமும் பைன் இல்லை. பதினெட்டு வருடத்துக்கு முன் அங்கே தங்கியிருந்த ஒரு ஜெர்மன்காரர் நட்டது. அவர் ஊருக்குப் போய்விட்டார். மரம் மூன்று மாடி உயரத்துக்கு வளர்ந்தது. கிரிவலம் போகிறவர்கள் அதைக் கிறிஸ்மஸ் மரம் என்றார்கள்.

கெஸ்ட் ஹவுஸைப் பார்த்துக்கொள்பவள் சிந்துஜா. தாவரவியல் படித்தவள். மரத்தடியில் இருந்த சின்ன அறை அவளுடையது. ஆறு வருடமாக அந்த நிழலில்தான் துணி காயப்போட்டாள், சாப்பிட்டாள், ஃபோனில் சண்டை போட்டாள்.

இரண்டு வருடமாக ஐப்பசி மழை இல்லை. போர் மோட்டார் காலையில் முக்கால் மணி நேரம் தண்ணீர் இறைத்தது. பிறகு காற்றுதான் வந்தது. ஆனி மாதம் மரத்தின் உச்சி பழுப்பாக மாறியது.

ராஜமாணிக்கம் அண்ணாந்து பார்த்தார். "ஆடி முடியட்டும்மா. துளிர் வரலைன்னா வெட்டிடலாம். வேப்பமரம் ஒண்ணு வெச்சுக்க."

"உயிரோட இருக்கு சார்."

"ரூமுக்கே தண்ணி கம்மி. இதுக்கு ஜாஸ்தி ஊத்தாத."

அவளோடு கல்லூரியில் படித்த அருண்பிரசாத் ஒரு நாற்றுப்பண்ணையில் வேலை செய்தான். அவனை வரவழைத்தாள். அவன் பட்டையைத் தடவிப் பார்த்தான். குண்டூசித் தலை அளவுக்குத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் வெள்ளையாக ஒரு சொட்டு.

"பிசின்," என்றான். "தாகம் எடுத்தா மரம் இலையில இருக்கிற துவாரத்தை மூடிக்கும். தண்ணி மிச்சம், ஆனா சாப்பாடு செய்ய முடியாது. பலம் போனதும் வண்டு வரும். இது பிசினை விட்டு வண்டை வெளிய தள்ளுது. பிசின் வர்ற வரைக்கும் சண்டை போடுதுன்னு அர்த்தம்."

"என்ன செய்யணும்?"

"பெருசா ஒண்ணும் இல்ல. அடியில ஊத்தாத, பத்தடி தள்ளிச் சுத்திலும் ஊத்து. உதிர்ந்த இலையைப் பெருக்காத, அதுதான் மண்ணுக்குப் போர்வை. வேர் மேல யாரும் மிதிக்காம பாத்துக்க. அவ்ளோதான்."

அவ்வளவுதான். கேட்க எளிதாக இருந்தது.

மணியம்மாள் பதினோரு வருடமாக அங்கே வாசல் பெருக்குகிறவள். மறுநாள் காலை மரத்தடி துடைத்துவிட்டதுபோல் இருந்தது. மூலையில் இலைக் குவியல் எரிந்துகொண்டிருந்தது.

"யக்கா, பெருக்காதேன்னு நேத்துதானே சொன்னேன்?"

"சொன்ன. நான் இன்னா பண்றது? வாசல்ல குப்பை கிடந்தா எனக்குக் கை அரிக்குது."

"அது குப்பை இல்ல."

"பின்ன இன்னா, பூவா?"

சிந்துஜா மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டினாள். மணியம்மாள் கயிற்றின் மேல் துணி காயப்போட்டாள். மூன்றாம் எண் அறைக்காரர் தினமும் பல் தேய்த்த தண்ணீரை மரத்தடியில் கொப்பளித்தார். மரத்துக்கு உதவி செய்கிறாராம். ஏழாம் எண் அறையில் தங்கியிருந்த பெண் மரத்தைக் கட்டிப்பிடித்துத் தியானம் செய்தாள், சரியாக வேரின் மேல் உட்கார்ந்து. சிந்துஜா ஒவ்வொருவரிடமும் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஆடி இரண்டாம் வெள்ளியன்று மணியம்மாள் அலறினாள்.

சிந்துஜா பாம்பு என்று நினைத்து ஓடிவந்தாள். மணியம்மாள் மரத்தின் முன் கைகூப்பி நின்றாள்.

"பால் வடியுது சிந்து!"

"பிசின்கா அது. வண்டு ஓட்டை போட்டிருக்கு."

"வெள்ளிக்கிழமை, ஆடி மாசம், வெள்ளையா வடியுது. வண்டுன்றா. வாயைக் கழுவு."

பத்து மணிக்கு மரத்தில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. மதியத்துக்குள் தெருப் பெண்கள் வந்தார்கள். அடுத்த நாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வேன் வந்தது. குடம் குடமாகப் பால் ஊற்றினார்கள், அடிமரத்திலேயே. மஞ்சள் தடவினார்கள். வேரின் மேல் கற்பூரம் கொளுத்தினார்கள். ஒருவர் அம்மன் படம் மாட்ட ஆணி அடித்தார். பிசினைச் சுரண்டிக் குழந்தைகளின் நெற்றியில் வைத்தார்கள். பாலின் மேல் ஈ மொய்த்தது. மண் மிதிபட்டுச் சிமெண்ட் தரைபோல் இறுகியது.

சிந்துஜா கேட்டைப் பூட்டினாள். மணியம்மாளிடம் இன்னொரு சாவி இருந்தது.

அருண்பிரசாத்துக்கு ஃபோன் செய்தாள். அவன் நெடுநேரம் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எத்தனை பேர் மிதிச்சாங்க?" என்று கேட்டான்.

ஒரு நன்மை இருந்தது. ராஜமாணிக்கம் வெட்டுகிற பேச்சை விட்டார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"சிந்துஜா, நீ சொன்னது சரிம்மா. மரத்தைத் தொடக்கூடாது. சுத்தி ஒரு மேடை கட்டிடலாம்."

"என்ன மேடை?"

"சிமெண்ட் மேடைதான். இருபதுக்கு இருபது. மேல டைல்ஸ். வெள்ளிக்கிழமை காலைல நல்ல நேரம். கொத்தனார் மணிவேல்கிட்ட சொல்லிட்டேன்."

"சார், இருபதுக்கு இருபதுன்னா வேர் மொத்தமும் உள்ள போயிடும். தண்ணி இறங்காது. காத்து போகாது. ஒரு மாசம் தாங்காது."

"அதான் மரத்துக்கே சக்தி இருக்கேம்மா."

இரவு மணியம்மாளிடம் போனாள். அம்மன் கனவில் வந்து மேடை வேண்டாம் என்று சொன்னதாகச் சொல்லச் சொன்னாள். உன் பேச்சைத்தான் கேட்பார்கள் என்றாள்.

மணியம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "வயித்துக்காகப் பொய் சொல்லுவேன் சிந்து. சாமி விஷயத்துல சொல்ல மாட்டேன்."

வெள்ளிக்கிழமை காலை சிந்துஜா அரை வாளித் தண்ணீரில் தலைக்குக் குளித்துவிட்டு வெளியே வந்தாள். மணிவேலின் ஆட்கள் மரத்தைச் சுற்றிக் கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். அறுபது எழுபது பேர் நின்றிருந்தார்கள். மணிவேல் அஸ்திவாரத்துக்குக் கடப்பாரையை ஓங்கி இறக்கினான். விரல் தடிமனுள்ள வேர் ஒன்று அறுந்து மேலே வந்தது.

"நிறுத்துடா!"

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. ஈரத் தலைமுடி விரிந்து முகத்தில் விழுந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். கடப்பாரையைப் பிடுங்கி எறிந்தாள்.

"எத்தனை தடவை சொல்றது? மேல நின்னு மிதிக்கிறீங்க! பாலை ஊத்தி ஈ மொய்க்க வெக்கிறீங்க! யாரு பால் கேட்டா? தண்ணி! தண்ணிதான் வேணும்! தாகத்துல சாகுது, அது மேல சிமெண்ட் போடுவியா? உன் மூக்குல சிமெண்ட் போட்டா நீ இருப்பியா?"

உடம்பு நடுங்கியது. கண்ணில் நீர் வந்தது. இத்தனை நாள் கோபம் முழுவதும் வெளியே வந்தது.

பிறகு யாரோ ஒரு பெண் குலவையிட்டாள்.

மணியம்மாள் அவள் காலில் விழுந்தாள். தட்டில் கற்பூரம் எரிந்தது. "வந்துட்டியா தாயே! நீ யாருன்னு சொல்லு ஆத்தா!"

"நான் யாருன்னு தெரியாதா உனக்கு? ஆறு வருஷமா இங்கதானே இருக்கேன்!"

குலவை பெரிதாகியது. மணிவேல் தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு விழுந்து கும்பிட்டான். சிந்துஜா அப்போதுதான் புரிந்துகொண்டாள். ராஜமாணிக்கத்தைப் பார்த்தாள். அவரும் கைகூப்பியிருந்தார்.

"குத்தம் இருந்தா மன்னிச்சிடு தாயே. மேடை வேணாமா?"

மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தாள். இல்லை சார், நான்தான், சிந்துஜா. அறுந்த வேரின் முனை ஈரமாக இருந்தது.

"வேணாம்," என்றாள்.

"வேற இன்னா வேணும், சொல்லு," என்றாள் மணியம்மாள்.

"ஆணி எடு."

எடுத்தார்கள்.

"பால் ஊத்தாத. மஞ்சள் போடாத. வெறும் தண்ணி. பத்தடி தள்ளி, சுத்திலும். மெதுவா."

"சரி தாயே."

"கோட்டுக்கு உள்ள எவனும் கால் வெக்கக் கூடாது." கொஞ்சம் யோசித்தாள். "பெருக்கக் கூடாது."

மணியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "வாசலைக் கூடவா?"

"மரத்தடியை."

மணியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலத்துக்குள் வரிசை சாலைவரை நீண்டது. பிளாஸ்டிக் குடம், வாட்டர் பாட்டில், தூக்குவாளி. சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நின்று கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்கள். தெருவில் எந்த வீட்டிலும் குடிக்கத் தண்ணீர் இல்லை என்பது சிந்துஜாவுக்குத் தெரியும். எங்கிருந்து கொண்டுவருகிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. இறுகிய மண் முதலில் தண்ணீரை ஏற்காமல் ஓடவிட்டது. பிறகு குடிக்க ஆரம்பித்தது.

மரத்தின் உச்சி இன்னும் பழுப்பாகத்தான் இருந்தது. துளைகளில் நான்கில் மட்டும் பிசின் ஈரம் இருந்தது. காலையில் ஐந்தில் இருந்தது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

நாற்காலி போட்டு அவளைக் கேட்டருகே உட்காரவைத்திருந்தார்கள். எழுந்திருக்க மணியம்மாள் விடவில்லை. வேப்பிலைக் கொத்தோடு ஓர் அம்மாள் வந்து குனிந்தாள்.

"தாயே, எம் பொண்ணுக்கு எப்பக் கல்யாணம் ஆகும்?"

சிந்துஜா அவள் காலைப் பார்த்தாள்.

"கோட்டை மிதிக்கிறீங்க," என்றாள். "தள்ளி நில்லுங்க."

அந்த அம்மாள் பக்கத்திலிருந்தவளிடம் திரும்பினாள். "தள்ளித்தான் போவும்னு சொல்றா," என்று அழ ஆரம்பித்தாள்.

சிந்துஜா கண்களை மூடிக்கொண்டாள். பின்னால் யாரோ மறுபடி குலவையிட்டார்கள்.